செல்லில் படியெடுக்கும் நொதிகள், குழாயில் பி.சி.ஆர்.: செய்முறையும் கோளாறு கண்டறிதலும்

குழாயில் டி.என்.ஏ.வின் ஒரு துண்டைத் திரும்பத் திரும்பப் படியெடுத்துப் பெருக்கும் முறைதான் பி.சி.ஆர். அது முடிந்து, துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லைப் பார்த்தால், துண்டு இருப்பதைக் காட்டும் கோடான பேண்ட் இல்லை. உடனே பலரும் செய்வது அனீலிங் வெப்பநிலையை, அதாவது பிரைமர் என்ற தொடக்கத் துண்டு இழையில் ஒட்டும் வெப்பநிலையை, இரண்டு டிகிரி குறைத்து மறுபடி ஓட்டுவதுதான். சில சமயம் பலிக்கும். பலிக்காவிட்டால் அடுத்து எதைத் தொடுவது என்று தெரியாமல் ஒரு வாரம் போய்விடும். அதைவிட நல்ல வழி உண்டு. செல்லுக்குள் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது எந்த நொதி எந்த வேலையைச் செய்கிறது, குழாயில் அதன் இடத்தில் நாம் எதை வைத்திருக்கிறோம் என்று தெரிந்துவிட்டால், தவறிய வேலை எது என்று ஜெல்லைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

செல்லுக்குள் நடப்பது

டி.என்.ஏ. பாலிமரேஸால் முடியாதவை மூன்று. முறுக்கிய இரட்டை இழையை அது தானாகப் பிரிக்காது. வெறும் ஒற்றை இழையைக் கொடுத்தால் முதல் எழுத்தை (ஏ, டி, ஜி, சி என்ற நான்கு அலகுகளில் ஒன்றை) வைக்காது. ஏற்கெனவே பொருந்தி நிற்கும் ஒரு சிறு துண்டின் 3' முனையில்தான் அடுத்த எழுத்தைச் சேர்க்கும் (ஓர் இழையின் இரு நுனிகளை 5', 3' என்று குறிப்பார்கள்). திசையும் ஒன்றே ஒன்றுதான்: புதிய இழை 5' முனையிலிருந்து 3' நோக்கி மட்டுமே வளரும். இந்த மூன்று குறைகளையும் ஈடுகட்டத்தான் மற்ற நொதிகள் எல்லாம்.

ஈ. கோலை பாக்டீரியாவின் குரோமோசோம் ஏறக்குறைய 46 லட்சம் இணை எழுத்துகள் கொண்ட வட்டம். படியெடுப்பு ஓரிசி என்ற ஒரே இடத்தில் தொடங்கும். டி.என்.ஏ.-ஏ புரதம் அங்கே அமர்ந்து இழைகளைச் சற்றுத் திறக்கும். பிறகு டி.என்.ஏ.-பி ஹெலிகேஸ் ஏற்றப்பட்டு, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யைச் செலவழித்து இழைகளைப் பிரித்துக்கொண்டே போகும். பிரிந்த இழைகள் மறுபடி ஒட்டாமல் ஒற்றை இழைப் புரதங்கள் போர்த்திக்கொள்ளும். பிரைமேஸ் பத்துப் பன்னிரண்டு எழுத்து நீளத்தில் ஆர்.என்.ஏ. பிரைமர் போடும். அதன் 3' முனையைப் பிடித்துக்கொண்டு, பாலிமரேஸ் 3 என்ற நொதி நொடிக்குச் சுமார் 1000 எழுத்து வேகத்தில் ஓடும்.

இந்த வேகத்துக்குக் காரணம் பாலிமரேஸ் மட்டும் அல்ல. கயிற்றில் கோத்த வளையம் போல டி.என்.ஏ.வைச் சுற்றி மூடியிருக்கும் பீட்டா கிளாம்ப் அதை நழுவவிடாமல் பிடித்துக்கொள்கிறது. கிளாம்ப் இல்லாவிட்டால் அது சில எழுத்துகளிலேயே கழன்றுவிடும்.

இரட்டை இழையில் பத்தரை இணைக்கு ஒரு முறுக்கு. நொடிக்கு 1000 எழுத்து என்றால் நொடிக்கு 95 முறுக்கு அவிழ வேண்டும். நிமிடக் கணக்கில் 5,700 சுற்று. அவிழ்ந்த முறுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து இறுகும். அதை வெட்டித் தளர்த்தி ஒட்டுவது டி.என்.ஏ. கைரேஸ். சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை பாக்டீரியாவைக் கொல்வது இந்த நொதியை மடக்கித்தான்.

திசைச் சிக்கலால் ஓர் இழை தொடர்ச்சியாகவும் மற்றொன்று துண்டு துண்டாகவும் உருவாகும். துண்டுகளுக்கு ஒகசாகி துண்டுகள் என்று பெயர். பாக்டீரியாவில் 1000 முதல் 2000 எழுத்து, நம் செல்களில் 100 முதல் 200. பாலிமரேஸ் 1 ஆர்.என்.ஏ. பிரைமரை அரித்து அந்த இடத்தை டி.என்.ஏ.வால் நிரப்பும். மிச்சமிருக்கும் வெட்டை லைகேஸ் ஒட்டும். ஆர்தர் கோர்ன்பெர்க் 1950களில் பிரித்தெடுத்து 1959இல் நோபல் பரிசு பெறக் காரணமானது இந்தப் பாலிமரேஸ் 1தான். குரோமோசோமை முழுவதுமாகப் படியெடுப்பது அது அல்ல, பாலிமரேஸ் 3 என்பது பிறகுதான் தெரிந்தது.

எழுத்தைச் சேர்க்கும் கணம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பி.சி.ஆரில் வரும் பாதித் தொல்லைகள் அங்கேதான். நொதியின் மையத்தில் இரண்டு மக்னீசியம் அயனிகள் உட்கார்ந்திருக்கும். ஒன்று வளரும் இழையின் 3' ஹைட்ராக்சிலைத் தூண்டிவிடும். மற்றொன்று உள்ளே வரும் டி.என்.டி.பி.யின் (சேரவிருக்கும் எழுத்தின் மூன்று பாஸ்பேட் கொண்ட வடிவம்) மூன்று பாஸ்பேட்டைப் பிடித்து வைக்கும். ஹைட்ராக்சில் முதல் பாஸ்பேட்டைத் தாக்க, எழுத்து சேர்ந்து, பைரோபாஸ்பேட் வெளியேறும். மக்னீசியம் இல்லாவிட்டால் இது நடக்கவே நடக்காது. தவறான எழுத்து சேர்ந்தால் முனை சரியாகப் பொருந்தாது. பாலிமரேஸ் 3 தடுமாறி நின்று, அதன் எப்சிலான் பகுதி அந்த எழுத்தைக் கடித்து எடுத்துவிடும். இந்தத் திருத்தமும், பின்னால் வரும் பொருத்தமின்மைப் பழுதுநீக்கமும் சேர்ந்துதான் நூறு கோடி எழுத்துக்கு ஒன்று என்ற அளவுக்குப் பிழையைக் குறைக்கின்றன.

குழாயில் யாருக்குப் பதில் யார்

ஹெலிகேஸுக்குப் பதில் 95 டிகிரி வெப்பம். பிரைமேஸுக்குப் பதில் நாம் வாங்கிப் போடும் டி.என்.ஏ. பிரைமர்கள். கைரேஸ் தேவையில்லை, வெப்பம் இரு இழைகளையும் முழுதாகப் பிரித்துவிடுவதால் இறுகுவதற்கு முறுக்கே இருக்காது. இரண்டு பிரைமரும் எதிரெதிர் இழைகளில் உட்கார்ந்து ஒன்றையொன்று நோக்கி வளர்வதால் ஒகசாகி துண்டுகளும் இல்லை, லைகேஸும் வேண்டாம். ஆனால் இரண்டு பொறுப்புகளுக்குக் குழாயில் ஆளே இல்லை: கிளாம்ப்பும் இல்லை, திருத்துபவரும் இல்லை. சாதாரண டாக் பாலிமரேஸ் சில பத்து எழுத்துகள் சேர்த்ததும் கழன்று, மறுபடி வந்து ஒட்டும். அதனால்தான் 1000 எழுத்துக்கு ஒரு நிமிடம் தருகிறோம். அதற்கு 3' முனையிலிருந்து அரித்துத் திருத்தும் திறனும் கிடையாது.

தொடக்க காலப் பி.சி.ஆரில் ஈ. கோலை நொதியின் ஒரு பகுதியான கிளெனோ துண்டைப் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் அது செத்துப்போகும். ஒவ்வொரு சுழற்சிக்கும் புதிதாக ஊற்ற வேண்டும். தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃப்ரீஸும் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளிலிருந்து பிரித்து 1969இல் விவரித்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் பாக்டீரியாவின் டாக் நொதிதான் இதைத் தீர்த்தது. 95 டிகிரியில் 40 நிமிடம் வைத்தாலும் அதில் பாதி உயிரோடு இருக்கும்.

ஒரு முழு செய்முறை: ஈ. கோலை காலனியிலிருந்து 16எஸ் மரபணு

16எஸ் என்பது பாக்டீரிய ரிபோசோமின் ஆர்.என்.ஏ. ஒன்றுக்கான மரபணு. பழகுவதற்கு இதைவிட நல்ல இலக்கு இல்லை. ஈ. கோலையின் ஒரு குரோமோசோமிலேயே இந்த மரபணு ஏழு பிரதிகள் இருக்கிறது. 27எஃப், 1492ஆர் என்ற பொதுப் பிரைமர்கள் எங்கும் கிடைக்கும்; ஏறக்குறைய 1,500 எழுத்து நீளத் துண்டு வரும். நோய் உண்டாக்காத ஆய்வக வகையையே எடுங்கள்.

முதலில் டெம்ப்ளேட், அதாவது படியெடுக்க வேண்டிய டி.என்.ஏ. பைபெட் டிப்பின் நுனியால் காலனியைத் தொட்டு, 50 மைக்ரோலிட்டர் தூய நீரில் கலக்குங்கள். நீர் லேசாகக் கலங்கினால் போதும். பால் போல் ஆனால் செல் குப்பை அதிகமாகி நொதியைத் தடுக்கும். 95 டிகிரியில் 10 நிமிடம் வைத்து, மைக்ரோ சென்ட்ரிஃப்யூஜில் 2 நிமிடம் சுற்றுங்கள். மேலே நிற்கும் தெளிவிலிருந்து 1 மைக்ரோலிட்டர் எடுத்தால் போதும்.

25 மைக்ரோலிட்டர் கொண்ட ஒரு குழாய்க்கான அளவு:

- 10 மடங்கு பஃபர், 15 மில்லிமோலார் மக்னீசியம் கலந்தது: 2.5 மைக்ரோலிட்டர்
- டி.என்.டி.பி. கலவை, ஒவ்வொன்றும் 10 மில்லிமோலார்: 0.5
- முன் பிரைமர், 10 மைக்ரோமோலார்: 0.5
- பின் பிரைமர், 10 மைக்ரோமோலார்: 0.5
- டாக், மைக்ரோலிட்டருக்கு 5 யூனிட்: 0.125
- டெம்ப்ளேட்: 1
- நியூக்ளியேஸ் இல்லாத நீர்: 19.875

0.125 மைக்ரோலிட்டரை எந்தப் பைபெட்டாலும் நம்பி எடுக்க முடியாது. எனவே எல்லாக் குழாய்களுக்கும் சேர்த்து ஒரே கலவையாக மாஸ்டர் மிக்ஸ் போடுங்கள். எட்டுச் சாம்பிள் என்றால் ஒப்பிடுவதற்கான இரண்டு கன்ட்ரோல்களையும் கணக்கில் சேர்த்துப் பத்துக்கு: நீர் 198.75, பஃபர் 25, டி.என்.டி.பி. 5, பிரைமர்கள் 5, 5, டாக் 1.25, மொத்தம் 240. குழாய்க்கு 24 வீதம் பிரித்து, டெம்ப்ளேட்டைக் கடைசியில் 1 சேருங்கள். பைபெட்டில் ஒட்டிப் போவதற்கும் சேர்த்து ஒன்றிரண்டு பங்கு கூடுதலாகப் போட்டால் கடைசிக் குழாய் குறையாது.

நீர் முதலில், நொதி கடைசியில். எல்லாம் ஐஸ் மேல். டாக் 50 சதவீதக் கிளிசராலில் இருப்பதால் கெட்டியாக இருக்கும். ஊற்றியதும் அடியில் போய்ப் படியும். டிப்பின் நுனியை மட்டும் தொட்டு மெதுவாக இழுங்கள், ஊற்றியபின் குழாயை விரலால் தட்டி நன்றாகக் கலந்து ஒரு கணம் சுற்றி இறக்குங்கள். கலக்காமல் பிரித்தால் சில குழாய்களில் நொதியே இருக்காது. ஒரே ஓட்டத்தில் ஜெல்லின் சில லேன்களில் (வரிசைகளில்) மட்டும் பேண்ட் வந்தால் முதலில் இதையே சந்தேகியுங்கள்.

சில நிறுவனங்களின் பஃபரில் மக்னீசியம் கிடையாது, தனிக் குப்பியில் வரும். 25 மில்லிமோலார் கரைசல் என்றால் குழாய்க்கு 1.5 மைக்ரோலிட்டர் சேர்த்து, அதே அளவு நீரைக் குறையுங்கள். லேபிளைப் படிக்காமல் ஊற்றி வெற்று ஜெல் பார்ப்பவர்கள் நிறையப் பேர்.

வெப்பச் சுழற்சி

95 டிகிரியில் 3 நிமிடம் தொடக்கம். பிறகு 95இல் 30 நொடி, 55இல் 30 நொடி, 72இல் 90 நொடி. இது 25 முறை. கடைசியாக 72இல் 5 நிமிடம், பிறகு 4 டிகிரி.

55 டிகிரி படியில் பிரைமர் ஒட்டுவது மட்டும் நடப்பதில்லை. நொதி அங்கேயே மெதுவாக வேலையைத் தொடங்கிவிடும். சில எழுத்துகள் சேர்ந்ததும் பிடி இறுகுவதால்தான் 72க்கு ஏறும்போது பிரைமர் கழன்றுபோவதில்லை. முதல் இரண்டு சுழற்சியில் இழைகள் எல்லை தாண்டி நீளும். இரு முனையும் சரியாக அமைந்த இரட்டை இழை மூன்றாவது சுழற்சியில்தான் முதன்முதலில் உருவாகும்.

ஏன் 25, ஏன் 35 இல்லை? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மைக்ரோலிட்டரில் ஒரு லட்சம் செல்லின் டி.என்.ஏ. இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மரபணுப் பிரதிகள் 7 லட்சம். 25 முறை இரட்டித்தால் ஒவ்வொன்றும் 3.4 கோடியாகும், மொத்தம் 23 லட்சம் கோடி. குழாயில் இருப்பதோ ஒவ்வொரு பிரைமரிலும் 5 பிக்கோமோல், அதாவது 3 லட்சம் கோடி மூலக்கூறு. ஒவ்வொரு சுழற்சியும் சரியாக இரட்டிக்காது என்றாலும், 25 முடிவதற்குள் உச்சம் தொட்டுவிடும். அதற்கு மேல் ஓட்டினால் விளைச்சல் கூடாது. தவறான துண்டுகளும் பிழைகளும்தான் கூடும்.

சொந்தமாகப் பிரைமர் எழுதும்போது

நீளம் 18 முதல் 25 எழுத்து, ஜி-சி பங்கு 40 முதல் 60 சதவீதம், இரண்டின் உருகுநிலையும் (பிரைமர்களில் பாதி இழையைவிட்டுப் பிரியும் வெப்பநிலை) இரண்டு மூன்று டிகிரிக்குள். கைக்கணக்காகப் பார்க்க ஏ, டி ஒவ்வொன்றுக்கும் 2 டிகிரி, ஜி, சி ஒவ்வொன்றுக்கும் 4 டிகிரி கூட்டலாம். இது குட்டைப் பிரைமருக்கு மட்டுமே ஏறக்குறையப் பொருந்தும், மற்றபடி மென்பொருள் கணக்கையே நம்புங்கள். அனீலிங்கை அதற்கு 5 டிகிரி கீழே தொடங்குங்கள்.

முக்கியமான இடம் 3' முனை. பாலிமரேஸ் பார்ப்பது அதைத்தான். 5' பக்கம் பொருந்தாத எழுத்துகளோ வெட்டு நொதிக்கான இடமோ சேர்த்தாலும் நொதி கண்டுகொள்ளாது. 3' கடைசி எழுத்து பொருந்தாவிட்டால் டாக்கால் நீட்ட முடிவது அரிது. இரண்டு பிரைமர்களின் 3' முனைகள் ஒன்றோடொன்று மூன்று நான்கு எழுத்து பொருந்தினாலே, பிரைமர்கள் தமக்குள் ஒட்டி நீளும் பிரைமர் டைமர் வரும்.

ஜெல்

50 மில்லி ஒரு மடங்கு டி.ஏ.ஈ. பஃபரில் 0.5 கிராம் அகரோஸ், 5 மைக்ரோலிட்டர் பொருளுடன் 6 மடங்கு டை 1 மைக்ரோலிட்டர், 100 வோல்ட்டில் 40 நிமிடம். எத்திடியம் புரோமைடு பயன்படுத்தினால் நைட்ரைல் கையுறை கட்டாயம். டெம்ப்ளேட் இல்லாத கன்ட்ரோலும், ஏற்கெனவே வேலை செய்த டெம்ப்ளேட் ஒன்றும் (பாசிட்டிவ் கன்ட்ரோல்) ஒவ்வொரு ஓட்டத்திலும் இருக்க வேண்டும். இவை இல்லாத ஜெல்லிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

தவறும்போது எங்கே பார்ப்பது

*எதிலும் பேண்ட் இல்லை, பாசிட்டிவ் கன்ட்ரோலிலும் இல்லை.* மாஸ்டர் மிக்ஸ்தான் பிரச்சினை. முதல் சந்தேகம் மக்னீசியம். இங்கே ஒரு கணக்கு உதவும். நான்கு டி.என்.டி.பி.யும் 0.2 மில்லிமோலார் வீதம் மொத்தம் 0.8; ஒவ்வொன்றும் ஒரு மக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 1.5இல் மிஞ்சுவது 0.7 மட்டுமே. யாராவது டி.என்.டி.பி.யை இரட்டிப்பாகப் போட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை. அடுத்த சந்தேகம் டி.என்.டி.பி. பலமுறை உறைந்து உருகினால் அதன் பாஸ்பேட்டுகள் உடையும். வாங்கியதும் சிறு சிறு குழாய்களாகப் பிரித்து வையுங்கள்.

*பாசிட்டிவில் வருகிறது, சாம்பிளில் வரவில்லை.* டெம்ப்ளேட்டையோ அதோடு வந்த தடுப்பானையோ பாருங்கள். மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. கலந்த டி.ஈ. பஃபரில் கரைத்த டி.என்.ஏ.வை நிறைய ஊற்றினால் மக்னீசியம் போய்விடும். ரத்தத்தின் ஹீம், மண்ணின் ஹ்யூமிக் அமிலம், இலைகளின் பாலிஃபீனால், கழுவியபின் மிஞ்சிய எத்தனால் எல்லாமே டாக்கைத் தடுக்கும். கூடுதலாக ஊற்றினால் சரியாகும் என்று நினைப்பது இயல்பு. செய்ய வேண்டியது நேர்மாறு. டெம்ப்ளேட்டை 10 மடங்கும் 100 மடங்கும் நீர்த்துப் போட்டுப் பாருங்கள். 1 நானோகிராம் ஈ. கோலை டி.என்.ஏ.விலேயே 2 லட்சம் குரோமோசோம் இருக்கிறது. நீர்த்தாலும் இலக்கு தீர்ந்துவிடாது, தடுப்பான்தான் தளர்ந்துபோகும். தடுப்பான்தானா என்று உறுதிசெய்ய, வேலை செய்யும் பாசிட்டிவ் குழாயில் இந்தச் சாம்பிளை 1 மைக்ரோலிட்டர் சேர்த்து ஓட்டுங்கள். பாசிட்டிவும் மறைந்துவிட்டால் ஐயமே இல்லை. பி.எஸ்.ஏ. என்ற புரதத்தைச் சேர்ப்பது பல தடுப்பான்களைக் கட்டிவைக்கும்.

*ஜி-சி மிகுந்த இலக்கு, பேண்ட் மங்கல்.* ஹெலிகேஸின் வேலை முழுமையாக நடக்கவில்லை. இழைகள் பிரிய உதவும் டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானை 3 முதல் 5 சதவீதம் சேருங்கள். ஒவ்வொரு சதவீதத்துக்கும் உருகுநிலை ஏறக்குறைய 0.6 டிகிரி இறங்கும் என்பதால் அனீலிங்கையும் அதற்கேற்பக் குறையுங்கள்.

*பல பேண்ட் அல்லது நீண்டு பரவிய இழுப்பு.* பிரைமர் தவறான இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. இப்போது வெப்பநிலையை உயர்த்த வேண்டும், குறைக்கக் கூடாது. கிரேடியன்ட் வசதி இருந்தால் 52 முதல் 64 வரை ஒரே ஓட்டத்தில் பாருங்கள். மக்னீசியம் கூடுதலாக இருந்தாலும் தவறான பொருத்தங்கள் நிலைத்துவிடும். பெரும்பாலான தவறுகள் அறை வெப்பநிலையில், சுழற்சி தொடங்கும் முன்பே நடக்கின்றன. ஆன்டிபாடியால் கட்டிவைத்த ஹாட் ஸ்டார்ட் டாக் சூடாகும்வரை வேலை செய்யாது என்பதால் இதைத் தடுக்கும். வேதி முறையில் பூட்டிய வகையானால் அதை எழுப்ப 95இல் 10 முதல் 15 நிமிடம் தேவை. 3 நிமிடமே கொடுத்தால் ஜெல் வெறுமையாக வரலாம்.

*டெம்ப்ளேட் இல்லாத குழாயில் பேண்ட்.* நீரை மாற்றுங்கள், பிறகு பஃபர், பிறகு டி.என்.டி.பி., கடைசியில் பிரைமர். முந்தைய பி.சி.ஆர். பொருளின் குழாயைத் திறக்கும் மேசையில் புதிய மிக்ஸ் போடவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளியில் கோடிக்கணக்கான பிரதிகள் பறக்கும். ஃபில்டர் டிப் செலவுக்கு ஏற்ற பயன் தரும். 16எஸ் இலக்குக்கு மட்டும் இன்னொரு காரணம் உண்டு. கடையில் வாங்கும் டாக் பெரும்பாலும் ஈ. கோலைக்குள் வளர்த்து எடுத்தது. அந்த பாக்டீரியாவின் டி.என்.ஏ. சுவடு நொதியோடு கூடவே வரும். 35 சுழற்சி ஓட்டினால் அதுவே பேண்டாகத் தெரியும். 25இல் நிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

*100 எழுத்துக்குக் கீழே கனமான பேண்ட்.* பிரைமர் டைமர். பிரைமர் அளவைப் பாதியாக்கிப் பாருங்கள்; போகாவிட்டால் பிரைமரை மாற்றி எழுதுவதே மேல்.

*பேண்ட் அருமை, ஆனால் குளோன் செய்தபின் வரிசையில் எழுத்து மாற்றம்.* திருத்துபவர் இல்லாததன் விலை இது. ஓர் இரட்டிப்பில் லட்சம் எழுத்துக்கு இரண்டு பிழை என்று வைத்தாலே, 1,500 எழுத்து 25 முறை இரட்டிக்கும்போது மூலக்கூறுக்குச் சராசரி 0.75 பிழை. பொருளை நேரடியாகச் சீக்வென்ஸ் செய்தால் இது தெரியாது, ஏனென்றால் ஒவ்வொரு மூலக்கூறிலும் பிழை வெவ்வேறு இடத்தில். குளோன் செய்யும்போது ஒரே மூலக்கூறைப் பிடித்து வளர்க்கிறோம், பிழையும் நிலைத்துவிடும். அந்த வேலைக்குப் பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸின் பி.எஃப்.யூ. போன்ற திருத்தும் நொதியை எடுங்கள். அது மெதுவானது, 1000 எழுத்துக்கு 2 நிமிடம் தர வேண்டும். ஃப்யூஷன் போன்ற நொதிகளில் டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதப் பகுதியை இணைத்திருக்கிறார்கள். செல்லில் கிளாம்ப் செய்யும் வேலையை அது செய்வதால் 1000 எழுத்துக்கு 15 முதல் 30 நொடி போதும்.

திருத்தும் நொதிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: நீட்ட டி.என்.டி.பி. இல்லாத நேரத்தில் பிரைமரின் 3' முனையையே அரிக்கும். எனவே டி.என்.டி.பி. போட்டபின்தான் அதைச் சேர்க்க வேண்டும். இன்னொன்று, டாக் ஒவ்வொரு துண்டின் 3' முனையிலும் கூடுதலாக ஓர் ஏ எழுத்தை ஒட்டிவைக்கும். குளோன் செய்யத் துண்டை ஏற்றும் டி-வெக்டரில் நுழைய அதுதான் பிடி. திருத்தும் நொதியின் பொருளுக்கு அது இருக்காது. டி-வெக்டர்தான் வேண்டுமென்றால், பொருளைச் சுத்தம் செய்து திருத்தும் நொதியை முழுதாக நீக்கிவிட்டு, டாக்கும் ஏ நியூக்ளியோடைடும் சேர்த்து 72இல் 20 நிமிடம் வையுங்கள். சுத்தம் செய்யாமல் டாக்கை ஊற்றினால், அது ஒட்டும் ஏ எழுத்தைக் குழாயில் மிஞ்சிய திருத்தும் நொதி உடனுக்குடன் கடித்து எடுத்துக்கொண்டே இருக்கும்.